என்.எச்.எல். 34 அணி ஆனால் எந்த ஊர் தாங்கும்?

வடக்குமூலை (மார்க்கம்)

வணக்கம் எல்லாருக்கும். இப்ப என்.எச்.எல்.-ல (வட அமெரிக்காவின்ர பெரிய ஐஸ் ஹொக்கி லீக்) 32 அணி. லாஸ் வேகஸ் சேருறதுக்கு 500 மில்லியன் அமெரிக்க டொலர் கட்டி 2017-ல வந்தது. சியாட்டில் 650 மில்லியன் கட்டி 2021-ல வந்தது. அடுத்து வாறவை 2 பில்லியன் வரைக்கும் கட்டவேணும் எண்டு கதை அடிபடுகுது. ஹூஸ்டன், அட்லாண்டா, கியூபெக் சிட்டி, பீனிக்ஸ், கான்சாஸ் சிட்டி, ரொறன்ரோவுக்கு ரெண்டாவது அணி எண்டு ஆளாளுக்கு ஒரு பட்டியல்.

சனத்தொகையை வரிசைப்படுத்திக் காட்டுற பதில் வேண்டாம், அது கூகிளிலயே கிடக்குது. ஒரு அணி தன்ர காலில நிக்க ஒரு சீசனுக்கு எவ்வளவு காசு வாசலால வரவேணும்? ஏற்கெனவே கூடைப்பந்து அரங்கம் இருக்கிற ஊரில அதுக்குள்ளயே பனியைப் போட்டால் காணாதா? கியூபெக்கில புது அரங்கம் 2015-ல இருந்து காத்துக்கொண்டு நிக்குது, ஏன் குடுக்கேல்லை? ரெண்டு தரம் தோத்த அட்லாண்டாவுக்கு மூண்டாம் தரமும் குடுக்கிறதில என்ன நியாயம்? விபரம் தெரிஞ்சவை விரிவா எழுதுங்கோ.

ஹூஸ்டன்காரன்

காசுக் கணக்கை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

82 ஆட்ட சீசனில் சொந்த அரங்கில் 41 ஆட்டம் (2026-27-லிருந்து மொத்தம் 84, சொந்த அரங்கில் 42). ஆட்டத்துக்கு 16,000 பேர் என்றால் 6,56,000 டிக்கெட். கணக்குக்காகச் சராசரி விலையை 100 டாலர் என்று வையுங்கள், 65.6 மில்லியன் வரும். 2025-26 சீசனுக்கு வீரர் சம்பளத்தின் உச்சவரம்பு 95.5 மில்லியன், கீழ்வரம்பு 70.6 மில்லியன். ஆக, அரங்கம் நிறைந்தாலும் வாசல் வசூல் கீழ்வரம்புக்கே பத்தாது. உச்சவரம்பு 2026-27-ல் 104, 2027-28-ல் 113.5 மில்லியன். கீழ்வரம்பும் கூடவே ஏறும்.

மிச்சத்தை டிவி கொடுத்துவிடும் என்று நினைப்பவர்கள் அமெரிக்கக் கால்பந்தைப் பார்த்துப் பழகியவர்கள். என்.எஃப்.எல். அணிக்குத் தேசிய டிவிப் பங்கே சம்பள வரம்பைத் தாண்டி வரும். ஹாக்கியில் ஈ.எஸ்.பி.என்.-உம் டர்னரும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 625 மில்லியன் தருகின்றன. 32-ஆல் வகுத்தால் அணிக்கு 20 மில்லியன்கூட இல்லை. கனடா டிவி ஒப்பந்தத்தின் பங்கு தனி. இருந்தாலும் இந்த லீக் வாசலை நம்பிப் பிழைக்கிற லீக்தான்.

அப்படியானால் ஓட்டை எங்கே அடைபடுகிறது? சொகுசு அறைகள், தடுப்புப் பலகை விளம்பரம், பீர், பார்க்கிங், அரங்கின் பெயர் உரிமை, ஹாக்கி இல்லாத இரவுகளில் கச்சேரி. இதில் பெரும்பாலானது அரங்கத்தை நடத்துபவருக்குத்தான் சேரும். வாடகைக்கு இருக்கிற அணிக்குப் பெரும்பாலும் டிக்கெட் காசுதான் மிஞ்சும், அந்தக் கணக்கு மேலேயே இருக்கிறது. அதனால் ஒரு ஊரைப் பற்றி நான் முதலில் கேட்பது மக்கள்தொகையை இல்லை. அணியை வாங்கப் போகிறவர் கையில் அரங்கம் இருக்கிறதா என்பதைத்தான்.

அரிசோனா கொயோட்டீஸ் போதுமான சாட்சி. பீனிக்ஸ் பெருநகரில் ஏறத்தாழ 50 லட்சம் பேர். 1996-ல் கூடைப்பந்து அரங்கில் குடித்தனம், 2003-ல் மேற்குக் கோடியில் க்ளென்டேல், 2009-ல் திவால் வழக்கு, 2022-ல் அங்கிருந்தும் வெளியே. கடைசி இரண்டு சீசன் பல்கலைக்கழகத்தின் 4,600 இருக்கை அரங்கில் ஆடினார்கள். 2023 மே மாதம் பக்கத்து ஊரான டெம்பியின் வாக்காளர்கள் புது அரங்கத் திட்டத்தைத் தோற்கடித்தார்கள். 2024 ஏப்ரலில் எல்லாம் சால்ட் லேக் சிட்டிக்குப் போயிற்று, 1.2 பில்லியன் டாலர் பரிவர்த்தனையில். அங்கே வாங்கிய ரயன் ஸ்மித் ஏற்கெனவே ஜாஸ் கூடைப்பந்து அணிக்கும் அதன் அரங்கமான டெல்டா சென்டருக்கும் சொந்தக்காரர். பெரிய ஊர் தோற்றது, அரங்கம் கையில் இருந்த சின்ன ஊர் ஜெயித்தது.

ஹூஸ்டனை இதே அளவுகோலில் வையுங்கள். பெருநகரில் 70 லட்சத்துக்கு மேல். டொயோட்டா சென்டர் 2003-ல் திறந்தது, பனித்தளத்தோடு கட்டியது, ஹாக்கிக்கு 17,800 பேர் அளவில் உட்காரலாம். ராக்கெட்ஸ் கூடைப்பந்து அணியும் அரங்கின் கட்டுப்பாடும் 2017-லிருந்து டில்மன் ஃபெர்ட்டிட்டாவிடம். உள்ளூர் ஒளிபரப்புக்கு ராக்கெட்ஸும் ஆஸ்ட்ரோஸ் பேஸ்பால் அணியும் சேர்ந்து நடத்தும் சொந்தச் சேனல் உண்டு. மற்ற ஊர்களில் பிராந்திய விளையாட்டுச் சேனல்கள் திவாலாகிக்கொண்டிருக்கும்போது இது சின்ன விஷயமில்லை. 240 மைலில் டாலஸ், எனவே எதிரி தேடவும் வேண்டாம்.

பலவீனமும் இருக்கிறது. என்.எச்.எல்.-க்கு ஒரு படி கீழான ஏ.எச்.எல். லீக்கின் ஏரோஸ் அணி இதே அரங்கில் 2013 வரை ஆடியது, வாடகை ஒப்பந்தம் படியாமல் ஐயோவாவுக்குப் போனது. அரங்கத்துக்காரர் மனது வைக்காவிட்டால் வெளியாள் யாரும் இங்கே ஹாக்கி நடத்த முடியாது என்பதற்கு அதுவே பாடம். இவ்வளவு பெரிய ஊருக்குப் பிள்ளைகள் பழகும் ரிங்குகளும் மிகக் குறைவு. (என்.எச்.எல்.-க்குப் போட்டியாக இருந்த பழைய டபிள்யூ.எச்.ஏ. லீக்கின் ஏரோஸில் ஹாக்கி ஜாம்பவான் கோர்டி ஹோ 1973-ல் தன் இரண்டு மகன்களோடு சேர்ந்து ஆடினார். டெக்சாஸில் ஹாக்கியா என்று சிரிப்பவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.)

பைப்பும்_பனியும்

இரண்டாவது கேள்வி என் வேலை சம்பந்தப்பட்டது, அதற்கு மட்டும் எழுதுகிறேன். "அதுக்குள்ளயே பனியைப் போட்டால் காணாதா?" பனியைப் போட்டுவிடலாம். ஆட்களை உட்கார வைக்க முடியாது, சிக்கல் அங்கேதான்.

கூடைப்பந்துத் தளம் 94 அடி நீளம், 50 அடி அகலம். ஹாக்கித் தளம் 200-க்கு 85. கூடைப்பந்துக்கென்று வரைந்த அரங்கில் கீழ்த்தட்டு இருக்கைகள் தளத்தை ஒட்டி வரும். ஹாக்கிக்காக இரு முனையிலும் அந்த இருக்கைகளை உள்ளே தள்ளிவிடலாம். ஆனால் அதற்கு மேலே இருக்கும் நிரந்தரத் தட்டின் சரிவு மாறாது. மேல்தட்டில் முனைப்பக்கம் உட்கார்ந்தவர் கீழே பார்த்தால், தன் பக்கத்து கோல் கூண்டு முன்வரிசைக் கைப்பிடிக்குக் கீழே மறைந்துவிடும். கோல் விழுந்ததை அவர் தொங்கும் திரையில் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். அந்த இருக்கையை எத்தனை முறை முழு விலைக்கு விற்பீர்கள்?

கொயோட்டீஸ் பீனிக்ஸில் முதலில் ஆடிய அரங்கில் இதே கதை. ப்ரூக்ளினின் பார்க்ளேஸ் சென்டரில் நியூயார்க் ஐலேண்டர்ஸ் அணி 2015-ல் குடியேறியபோது, தளம் ஒரு பக்கமாக ஒதுங்கியதால் நடுவில் தொங்க வேண்டிய திரை நீலக்கோட்டுக்கு மேலே தொங்கியது. டெல்டா சென்டரில் ஹாக்கி வந்த முதல் சீசனில் தடையில்லாமல் பார்க்கக்கூடிய இருக்கை 11,131 மட்டும். மற்றவை ஒற்றை கோல் இருக்கைகள், அதாவது ஒரு பக்கத்து கோல் மட்டும் தெரிபவை. கோடைதோறும் இருக்கைத் தட்டை மாற்றிக் கட்டும் வேலையை 2025-ல் தொடங்கினார்கள். ஹூஸ்டன்காரன் போட்ட கணக்கில் 16,000-ஐ எடுத்துவிட்டு 11,131-ஐப் போட்டால் 45.6 மில்லியன்தான் வரும்.

ஆகவே ஒரு அரங்கத்தைப் பார்க்கப் போனால் மொத்த இருக்கை எண்ணிக்கையை நம்பாதீர்கள். முனைப்பக்க மேல்தட்டின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, அருகிலுள்ள கோல் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். அடுத்து, குளிரூட்டும் குழாய் கான்கிரீட்டுக்குள் நிரந்தரமாகப் பதித்ததா, மேலே விரித்துச் சுருட்டும் தற்காலிக விரிப்பா என்று கேளுங்கள். வருடத்துக்கு இரண்டு வாரம் வரும் பனி நடனக் காட்சிக்கு விரிப்பு போதும். 41 இரவு லீக் ஆட்டத்துக்கு ஆகாது.

பதித்த தளத்தில் குழாய் வலைக்குள் உப்புநீரோ கிளைக்கால் என்ற உறையாத திரவமோ பூஜ்யத்துக்குக் கீழே எட்டு, பத்து டிகிரியில் ஓடும். அதற்குக் கீழே வெப்பத்தடுப்புப் பலகை, அதற்கும் கீழே மண்ணை லேசாகச் சூடாக வைத்திருக்கும் இன்னொரு குழாய் வரிசை. கடைசியாகச் சொன்னதை மிச்சம் பிடித்தவர்கள் சில வருடத்தில் அனுபவிப்பார்கள். அடிமண்ணின் ஈரம் உறைந்து வீங்கி, தளத்தையே தூக்கிவிடும். தளம் மேடுபள்ளமானால் பனி ஓரிடத்தில் தடியாகவும் ஓரிடத்தில் மெலிதாகவும் நிற்கும். தடித்த இடம் மேலே இளகும், மெலிந்த இடத்தில் சறுக்குக்கத்தி கான்கிரீட்டைத் தொடும்.

பனியின் தடிமன் ஓர் அங்குலத்திலிருந்து ஒன்றேகால் அங்குலம். அதற்கு 40,000 முதல் 50,000 லிட்டர் தண்ணீர். மொத்தமாக ஊற்றினால் காற்று சிக்கி உள்ளே பொடபொடவென்று ஆகிவிடும். தூவி, உறையவிட்டு, மறுபடி தூவ வேண்டும். முதல் பூச்சுகள் தளத்தோடு பிடிக்க. அதன்மேல் வெள்ளைச் சாயம், இல்லாவிட்டால் கான்கிரீட்டின் சாம்பல் நிறத்தில் பக் (ஆடும் வட்டு) கண்ணுக்கே தெரியாது. சாயத்தை மூட ஒரு தூவல், பிறகு கோடு, வட்டம், விளம்பரம், அவற்றுக்கு மேல் மிச்சத் தடிமன் முழுவதும். அவசரமில்லாமல் செய்தால் சில நாள் வேலை. அப்புறம் அது சீசன் முடியும்வரை அங்கேயே இருக்கும். கூடைப்பந்து இரவில் மேலே வெப்பத்தடுப்புப் பலகைகளைப் பரப்பி, அதன்மேல் மரத்தளத்தை அடுக்குவார்கள்.

இந்த இரட்டைக் குடித்தனத்தில் எது கெடும் என்றால், காற்றின் ஈரம். 2016 நவம்பர் 30 அன்று பிலடெல்பியாவில் சாக்ரமென்டோ கிங்ஸ் – 76ers கூடைப்பந்து ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது. கீழே பனி, மேலே மரம், உள்ளே வெதுவெதுப்பான ஈரக்காற்று. மரத்தில் நீர் பூத்துத் தளம் வழுக்கிற்று. துடைக்கத் துடைக்க மறுபடியும் பூத்தது.

இதை வைத்து ஹூஸ்டனில் முடியாது என்று சொல்பவர்கள் உண்டு. முடியும். அரங்கின் உள்ளே 16–18 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 40–45 சதவீதம் என்று பிடித்து வைக்க வேண்டும். 17,000 பேர் உட்கார்ந்தால், ஆளுக்குக் குறைந்தது 100 வாட் வீதம் 1.7 மெகாவாட் சூடு, அவர்கள் மூச்சிலிருந்து வரும் ஈரம் வேறு. சாதாரண ஏ.சி. குளிர்விக்கும், இந்த அளவுக்கு உலர்த்தாது. ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த உலர்த்தி இயந்திரங்கள் வேண்டும். உள்ளழுத்தம் வெளியைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும், கதவு திறந்தால் காற்று வெளியே போகுமே தவிர உள்ளே வராது. பெரும்பாலும் கோட்டை விடுவது சரக்கு லாரி வரும் பின்கதவில்தான். அதைத் திறந்துபோட்டால் அரை மணியில் பனிமேல் உறைபனித் துகள் படியும், பக் இழுத்து இழுத்து நகரும். அங்கே இரட்டைக் கதவு போட்டே ஆக வேண்டும். ஃப்ளோரிடா பேந்தர்ஸ் 2024-லும் 2025-லும் ஜூன் மாதத்தில், சன்ரைஸில், சொந்த அரங்கில் லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார்கள். அந்த ஊரின் ஜூன் ஈரம் ஹூஸ்டனுக்குச் சளைத்ததல்ல.

வடக்குமூலை

இவ்வளவு விபரம் எதிர்பார்க்கேல்லை, ரெண்டு பேருக்கும் நன்றி. அப்ப கியூபெக்கில அரங்கம் ஹொக்கிக்கெண்டே கட்டினது. அங்க இந்த ஒற்றை கோல் பிரச்சினையும் இல்லை, ஈரப் பிரச்சினையும் இல்லை. பிறகென்ன?

மொன்றியல்காரி

பிரச்சினை டொலர், தம்பி.

வீடியோட்ரோன் அரங்கம் 2015 செப்டெம்பரில் திறந்தது, ஏறத்தாழ 370 மில்லியன் கனடிய டொலர் செலவு, ஹொக்கிக்கு 18,259 இருக்கை. அந்த வருடமே லீக் விண்ணப்பம் கோரியது. விண்ணப்பக் கட்டணம் 10 மில்லியன் அமெரிக்க டொலர், அதில் 2 மில்லியன் திரும்பக் கிடையாது. விண்ணப்பித்தது இரண்டே ஊர்: லாஸ் வேகஸும் கியூபெக்கும். 2016 ஜூனில் வேகஸுக்குக் கொடுத்துவிட்டுக் கியூபெக்கைத் தள்ளிவைத்தார்கள். அப்போது லீக்கின் கிழக்குப் பிரிவில் 16 அணி, மேற்குப் பிரிவில் 14. கியூபெக்கைச் சேர்த்தால் கிழக்கு இன்னும் வீங்கும். அதே 2016 தொடக்கத்தில் கனடிய டொலர் 70 அமெரிக்க சதத்துக்கும் கீழே போயிருந்தது.

ஹூஸ்டன்காரன் போட்ட கணக்கை இங்கே போடுங்கள். 18,259 பேர், 41 இரவு, ஒரு இருக்கைகூட வெறுமையில்லை என்று வைத்தால் 7,48,619 ரிக்கெற். நூறு கனடிய டொலர் வீதம் 74.9 மில்லியன். அமெரிக்க டொலருக்கு 0.72 என்று மாற்றினால் 53.9 மில்லியன். வசூல் கனடிய டொலரில், வீரர் சம்பளம் அமெரிக்க டொலரில். நாணயம் ஐந்து சதம் சரிந்தால் வசூலில் 3.7 மில்லியன் காணாமல் போகும், அதற்கு அணியின் ஆட்டம் பொறுப்பில்லை. கட்டணமும் அமெரிக்க டொலரில்தான். 2 பில்லியன் என்றால் அதே மாற்றுவீதத்தில் 2.8 பில்லியன் கனடியத்தை நெருங்கும்.

ஒப்பிட வினிப்பெக் இருக்கிறது. 2021 கணக்கெடுப்பில் கியூபெக் பெருநகரம் 8,39,311, வினிப்பெக் 8,34,678. அளவில் வித்தியாசமே இல்லை. 2011-ல் அந்த ஊருக்கு ஜெட்ஸ் அணி திரும்பி வந்தபோது 13,000 சீசன் ரிக்கெற் கண்மூடித் திறக்குமுன் போனது. 2024-ல் அது 9,500 அளவுக்கு இறங்கிவிட்டதென்று அணியின் உரிமையாளர் தரப்பே வெளிப்படையாகக் கவலைப்பட்டது. ஆட்டம் மோசமில்லை, ஊருக்கு ஹொக்கிப் பைத்தியமும் குறையவில்லை. சீசன் ரிக்கெற்றைக் கட்டுக்கட்டாக வாங்கும் பெரிய கம்பனிகள் அங்கே குறைவு. தனியாட்கள் இரண்டு மூன்று பேராகப் பங்குபோட்டு வாங்குவார்கள், ஒருவர் விலகினால் மற்றவரும் விடுவார். கியூபெக் சிட்டி அரசாங்க உத்தியோகத்தரின் ஊர். சொகுசு அறை எடுக்கும் தலைமை அலுவலகங்கள் மொன்றியலில் இருக்கின்றன, அவை ஏற்கெனவே மொன்றியல் அணியான கனேடியன்ஸிடம் எடுத்துவிட்டன.

ஆர்வம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. கியூபெக்கின் பழைய அணியான நோர்டிக்ஸ் 1995-ல் டென்வருக்குப் போய் அடுத்த வருடமே அங்கே கோப்பை வென்ற புண் இன்னும் ஆறவில்லை. 2024 ஒக்டோபரில் லொஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸ் வந்து சீசனுக்கு முந்தைய ஆட்டம் இரண்டு ஆட, மாகாண அரசு 5 முதல் 7 மில்லியன் வரை தருவதாகச் சொன்னது. அதற்கு வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. என் கணிப்பு: புது அணியாகக் கியூபெக்குக்குக் கிடைக்காது. எங்காவது ஒரு அணி தடுமாறி, அவசரமாகத் தயார் அரங்கம் தேவைப்பட்டால் கிடைக்கலாம். வினிப்பெக்குக்கு அப்படித்தான் கிடைத்தது.

ஜிஏ_400

அந்த வினிப்பெக்குக்கு அணியைக் கொடுத்ததே எங்கள் அட்லாண்டாதானே, அதனால் நான் பதில் சொல்லியாக வேண்டும்.

ஃப்ளேம்ஸ் 1972 முதல் 1980 வரை, பிறகு கால்கரி. த்ராஷர்ஸ் 1999 முதல் 2011 வரை, பிறகு வினிப்பெக். இரண்டு தோல்வி என்று ஒரே மூட்டையில் கட்டுகிறார்கள். த்ராஷர்ஸ் விஷயத்தில் ரசிகனைக் குற்றம் சொல்வது அநியாயம். இருந்த காலம் முழுக்க ப்ளேஆஃப் போனது ஒரே முறை, 2007-ல். அதிலும் நியூயார்க் ரேஞ்சர்ஸிடம் நான்கு ஆட்டமும் தோல்வி. உரிமையாளர்கள் தங்களுக்குள்ளேயே கோர்ட்டில் நின்றார்கள். கையில் கூடைப்பந்து அணியும் அரங்கமும் இருந்தது, ஹாக்கியை விற்றுவிட்டு அவற்றை வைத்துக்கொண்டார்கள். ஹூஸ்டன்காரன் சொன்ன விதிக்கு இது எதிர்ச்சான்று: அரங்கம் கையில் இருந்தால் போதாது, அந்தக் கைக்கு ஹாக்கி வேண்டும். விற்பனை 170 மில்லியன், அதில் 60 மில்லியன் இடமாற்றக் கட்டணமாக லீக்குக்கே போனது.

அடுத்தது இடம். சீசன் டிக்கெட் வாங்கும் வீடுகள் வடக்குப் புறநகரில், அரங்கம் டவுன்டவுனில். வார நாள் ஏழு மணி ஆட்டத்துக்கு அலுவலகம் விட்டு வீடு போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மறுபடி தெற்கே இறங்க வேண்டும். ப்ரேவ்ஸ் பேஸ்பால் அணி இதைப் புரிந்துகொண்டு 2017-ல் வடக்குப் புறநகரான காப் கவுன்டிக்கே போய்விட்டது. இப்போது பேசப்படும் இரண்டு திட்டமும் வடக்கேதான்: ஃபோர்சைத் கவுன்டியில் ஒன்று, ஆல்ஃபரெட்டாவில் நார்த் பாயின்ட் மால் பக்கம் ஒன்று.

ஆனால் அதிலும் ஒரு கோளாறு. அட்லாண்டாவின் மார்ட்டா ரயில் நார்த் ஸ்ப்ரிங்ஸோடு நின்றுவிடும், இரண்டு இடத்துக்கும் போகாது. 17,000 பேர், காருக்கு இரண்டரைப் பேர் என்றால் 6,800 கார். நெடுஞ்சாலையில் ஒரு லேன் மணிக்குச் சுமார் 2,000 கார் விடும், அதுவும் சீராக ஓடினால். ஆறு மணிக்கு 400-ஆம் சாலை வடக்கு நோக்கி ஏற்கெனவே நிறைந்திருக்கும். ஒரு லேன் முழுவதையும் ஹாக்கிக்கே ஒதுக்கினாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால்தான் அரங்கத்தோடு கடை, உணவகம், குடியிருப்பு எல்லாம் சேர்த்துத் திட்டம் போடுகிறார்கள். ஐந்து மணிக்கே வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க வைத்தால் கூட்டம் பரவும், அந்தக் காசும் அரங்கத்துக்காரருக்கே. பெருநகரில் 60 லட்சத்துக்கு மேல் மக்கள், பெரிய கம்பனிகளின் தலைமையகங்கள், வட மாநிலங்களிலிருந்து வந்து குடியேறிய ஹாக்கி ரசிகர்கள். ஆள் இல்லாமல் தோற்ற ஊர் இல்லை இது. அரங்கத்துக்கான கடன் பத்திரத்தில் யார் கையெழுத்துப் போடுகிறார், வசூல் குறைந்தால் கவுன்டி வரிப்பணம் எவ்வளவு இறங்கும் என்பதை மட்டும் பாருங்கள். படம் வரைவது சுலபம்.

நீலக்கோடு

ரொறன்ரோ ரெண்டாவது அணி பற்றி ஒருவரும் தொடவில்லை. சுருக்கமாக: காசு இருக்கிறது, அனுமதி இல்லை. ஒவ்வொரு அணிக்கும் தன் நகர எல்லையிலிருந்து 50 மைல், அதாவது 80 கிலோமீற்றர், சொந்தப் பிரதேசம். பக்கத்து ஊரான ஹமில்ற்றன் அதற்குள் விழும். 2009-ல் கனடியத் தொழிலதிபர் ஜிம் பல்சில்லி கொயோட்டீஸைத் திவால் நீதிமன்றத்தின் வழியே வாங்கி ஹமில்ற்றனுக்குக் கொண்டுவரப் பார்த்தார், லீக் எதிர்த்து நின்று முறியடித்தது. உங்கள் மார்க்கத்திலேயே 20,000 இருக்கை அரங்கம் 325 மில்லியனில் கட்டுவதாகத் திட்டம் இருந்தது, 2013-ல் நகரசபை கைகழுவியது. அணி உறுதியில்லாமல் அரங்கம் கட்டினால் என்ன ஆகும் என்பதற்குக் கியூபெக் இருக்க, மார்க்கம் தப்பியது என்றே நினைக்கிறேன். ரொறன்ரோ அணியான மேப்பிள் லீவ்ஸ் நிறுவனத்தின் பெரும்பங்கு 2025-லிருந்து ரோஜர்ஸ் தொலைத்தொடர்புக் கம்பனியிடம். அதே ரோஜர்ஸ்தான் 2026-27 முதல் 12 வருடத்துக்கு 11 பில்லியன் கனடிய டொலருக்குக் கனடா முழுவதற்குமான ஒளிபரப்பு உரிமையை வாங்கியிருக்கிறது. தன் வாசலிலேயே போட்டியாளரை உட்கார வைக்க அது எவ்வளவு நட்டஈடு கேட்கும்?

இன்னொன்று. புது அணி சேர உரிமையாளர் சபையில் நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். அவர்கள் ஏன் கை தூக்குவார்கள்? விரிவாக்கக் கட்டணத்தில் வீரர்களுக்குப் பங்கு கிடையாது, முழுவதும் பழைய அணிகளுக்கே. இரண்டு அணி, தலா 2 பில்லியன் என்றால் 32 பேருக்கும் ஆளுக்கு 125 மில்லியன். பதிலுக்கு லீக்கின் பொதுவருமானம் இனி 34 பங்கு, அதாவது ஒவ்வொருவர் பங்கிலும் ஏறத்தாழ 6 சதவீதம் குறைவு. அது நிரந்தரம். இது ஒருமுறை வரும் காசு. இப்போதைக்கு அந்தக் காசுதான் கவர்ச்சியாகத் தெரிகிறது.

வடக்குமூலை

ஹூஸ்டன் மேற்கு, அட்லாண்டா கிழக்கு எண்டு வந்தால் 17-17 எண்டு சரியா வருது, அதையும் பார்த்திருப்பினம். சரி, இண்டைக்கே ஓம் எண்டு வாக்களிச்சால் எத்தனை வருசத்தில முதல் ஆட்டம்?

நீலக்கோடு

வேகஸைப் பாருங்கோ. 2015 பெப்ரவரியில் 10,000 சீசன் ரிக்கெற் முற்பணம் இலக்கு வைத்துத் தொடங்கினார்கள், ஜூனில் லீக் விண்ணப்பம் கோரியது, 2016 ஜூனில் வாக்கு, 2017 ஜூனில் பழைய அணிகளிலிருந்து வீரர் தெரிவு, ஒக்டோபரில் டாலஸில் முதல் ஆட்டம். வாக்கிலிருந்து ஆட்டத்துக்கு 16 மாதம். அரங்கம் வாக்குக்கு இரண்டு மாதம் முன்னமே திறந்திருந்தபடியால் அது முடிந்தது. சியாட்டிலில் 2018 மார்ச் முதலாம் திகதி 10,000 முற்பணம் 12 நிமிடத்தில் சேர்ந்தது, டிசெம்பரில் வாக்கும் கிடைத்தது. ஆனால் பழைய கூரையை அப்படியே நிறுத்திவைத்துக் கீழே தோண்டிக் கட்டிய அரங்கம் 2020-க்கு முடியாது என்று தெரிந்ததால் முதல் ஆட்டம் 2021 ஒக்டோபருக்குப் போனது. ஹூஸ்டன் வேகஸ் கணக்கில் வரும். அட்லாண்டா, முதல் மண் தோண்டும் நாளிலிருந்து குறைந்தது மூன்று வருடம்.

வீரர் தெரிவுக்கு வேகஸ், சியாட்டில் விதியையே வைத்தால் பழைய அணி ஒவ்வொன்றும் ஏழு முன்வரிசை, மூன்று பின்வரிசை, ஒரு கோலி, அல்லது எந்த இடமானாலும் எட்டுப் பேரும் ஒரு கோலியும் என்று காப்பாற்றிக்கொள்ளலாம். புது அணி ஒவ்வொன்றிடமிருந்தும் ஒருவரை எடுக்கும். இரண்டு அணி ஒரே கோடையில் வந்தால் பழைய அணி ஆளுக்கு இரண்டு பேரை இழக்கும், அதை அவர்கள் விரும்ப மாட்டார்கள். ஒரு வருட இடைவெளி விட்டுச் சேர்ப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

ஜிஏ_400

ஏ.எச்.எல். கிளை அணியையும் கணக்கில் சேருங்கள். இப்போது அங்கேயும் 32 அணி, ஒன்றுக்கொன்று ஜோடி. வேகஸ் சான் அன்டோனியோ அணியின் உரிமத்தை வாங்கி 2020-ல் ஹென்டர்சனுக்குக் கொண்டுவந்தது. சியாட்டில், தன் கிளை அணிக்கான கோச்செல்லா வேலி அரங்கம் நேரத்துக்கு முடியாததால், முதல் சீசனில் தன் இளம் வீரர்களை ஃப்ளோரிடாவின் கிளையான ஷார்லட்டில் இரவல் வைத்தது. கோச் அவர்களுடையவர் இல்லை, ஆட்டமுறை அவர்களுடையது இல்லை, யாருக்கு எத்தனை நிமிடம் என்பதும் அவர்கள் கையில் இல்லை. எங்கள் பக்கம் டுலூத்தில் க்ளேடியேட்டர்ஸ் ஆடுகிறார்கள், ஆனால் அது ஈ.சி.எச்.எல்., ஒரு படி கீழே. 33-வது ஏ.எச்.எல். உரிமத்துக்கும் தனியாகப் பணம் எடுத்து வைக்க வேண்டும்.